டபுள் ஸ்லிப் கையால் கட்ட முடியுமா? முதலில் அந்த 1.6 மி.மீ.யைப் பார்ப்போம்

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். அம்பாசமுத்திரத்தில் வீட்டு மாடியில், எட்டடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றில், ஹெச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, ஒரு மாதிரி ரயில் யார்டு போடுகிறீர்கள். அகலப்பாதையும் மீட்டர் பாதையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த காலத்துத் திருநெல்வேலி ஜங்ஷன்தான் மனதில் இருக்கிறது. இடம் பற்றாததால் வளைவிலேயே பிரிகிற பாயின்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு) ஒன்றும், டபுள் ஸ்லிப் (குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு பாதைகளில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் விடும் அமைப்பு) ஒன்றும் வேண்டும். விலைக்குக் கிடைப்பது எதுவும் உங்கள் வரைபடத்துக்குப் பொருந்தவில்லை. பழகுவதற்காக மூன்று சாதாரணப் பாயின்ட்டுகளைக் கையால் கட்டினீர்கள். மூன்றிலும் பெட்டிகள் கிராசிங்கில், அதாவது ஒரு தண்டவாளம் இன்னொன்றை வெட்டும் இடத்தில், துள்ளுகின்றன, சில இறங்கிவிடுகின்றன. "எனக்குக் கை வரவில்லை என்று டபுள் ஸ்லிப்பை விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம் தம்பி. நீங்கள் டபுள் ஸ்லிப்பைப் பற்றிக் கேட்டாலும், உள்ளே இருக்கிற கேள்வி தவறு கையிலா அளவிலா என்பதுதான். பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சக்கர விளிம்பு போகிற இடைவெளியைப் பிடிக்க, மீந்துபோன பிசிபி (செம்பு பூசிய மின்சுற்றுப் பலகை) துண்டையே தகடாக நட்டு வைத்துப் பற்றவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிசிபி 1.6 மி.மீ. கனம். மூன்று பாயின்ட்டும் ஒரே மாதிரித் தவறுகிறது என்றால் கை நடுங்கவில்லை, ஒரே தவறான அளவை மூன்று முறையும் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம். நான் முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு பாளையங்கோட்டை வீட்டில் ஹெச்ஓ பாதை கட்டிவருகிறேன். நிஜப் பாதையிலும் சின்னப் பாதையிலும் கிராசிங்கில் வண்டி விழுந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றேதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெச்ஓவில் பாதையின் உள் அகலம் 16.5 மி.மீ. ஒரு அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு நடுவில் ஏறக்குறைய 14.4 மி.மீ. சக்கர விளிம்பின் தடிமன் ஏறக்குறைய 0.75 மி.மீ. கிராசிங்குக்கு எதிர்ப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டிச் சக்கரத்தைப் பிடித்து வைக்கும் துண்டுதான் செக் ரயில். ஒரு பக்கச் சக்கரத்தின் உட்புற முகம் அந்தச் செக் ரயிலை உரசிக்கொண்டு போகும்போது, எதிர்ச் சக்கரத்தின் விளிம்பு எங்கே இருக்கும்? செக் ரயிலிலிருந்து 14.4-உம் 0.75-உம் சேர்த்து 15.15 மி.மீ. தள்ளி இருக்கும். கிராசிங் மூக்கு, அதாவது இரண்டு தண்டவாளங்கள் சேரும் கூர் முனை, அதற்கு அப்பால் இருந்தால் விளிம்பு மூக்கைத் தொடாமல் தன் வழியில் போய்விடும். செக் ரயிலுக்கு 1.2 மி.மீ. இடைவெளி விட்டால், 16.5-ல் 1.2 போக, மூக்கு 15.3-ல் இருக்கிறது. விளிம்பு தப்பிக்கிறது. நீங்கள் விட்டது 1.6. 16.5-ல் 1.6 போனால் 14.9. விளிம்பு 15.15-ல் வருகிறது, மூக்கு 14.9-லேயே நிற்கிறது. கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு விளிம்பு நேராக மூக்கில் முட்டுகிறது. துள்ளல் அதுதான். துள்ளும்போது எடை குறைந்த பெட்டியாக இருந்தால் இறங்கிவிடும்.

அதற்காக 1.2-ஐயும் குறைத்து 0.9 வைத்தால் இன்னும் பத்திரம் என்று நினைக்கக் கூடாது. செக் ரயிலுக்கும் விங் ரயிலுக்கும் (மூக்கின் பக்கத்தில் மடங்கி நிற்கும் தண்டவாளம்) நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் 1.2 விட்டால் 16.5-ல் 2.4 போக 14.1. சக்கரங்களின் 14.4 அதைத் தாண்டிக் காலை அகட்டி நடக்கும். இரண்டு பக்கமும் 0.9 வைத்தால் 14.7 ஆகிவிடும், 14.4 அதற்குள் நுழையாது, சக்கரம் நெருக்கப்பட்டு மேலே ஏறும். ஆக, விளையாட இடம் இருப்பதே ஒரு சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள்தான். இந்த அளவு மட்டும் பிடிபட்டுவிட்டால் மற்றவை வெறும் பொறுமை.

நிஜப் பாதையிலும் இதே கணக்குதான். நம் அகலப்பாதை 1676 மி.மீ., சக்கர உட்புறங்களுக்கு நடுவில் 1600, செக் ரயில் இடைவெளி 44 முதல் 48. 1676-ல் 44 போனால் 1632. புதுச் சக்கரத்தின் விளிம்பு 1629-ஐ ஒட்டி வரும். மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம். அந்த மூன்று மில்லிமீட்டரை நம்பித்தான் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென்காசிப் பாதை மீட்டர் பாதையாக இருந்த நாளில், ஒரு சின்ன ஸ்டேஷன் லூப் லைனில் கிராசிங் மூக்கு நுனி நசுங்கிப் பளபளவென்று இருந்தது. நான் குனிந்து மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதைத் தொழிலாளர் குழுவின் தலைவரான கேங் மேட் பெரியவர் எதிர்ப்பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, செக் ரயிலின் உள்முகத்தில் விரலை வைத்துத் தடவிக் காட்டினார். "சார், மூக்குல அடி விழுந்துச்சுன்னா எதுத்தாப்புல பாருங்க. இது தேஞ்சு போய்க் கெடக்கு. சக்கரத்தப் பிடிக்க ஆளு இல்ல, அது மூக்குல போய் முட்டுது." மூக்கை மாற்றாமல் செக் ரயிலைத் தகடு வைத்து நெருக்கினோம், அடுத்த வாரமே சத்தம் அடங்கியது. இன்றும் மேஜை மேல் 16.5 மி.மீ. பாதை முன்னால் உட்கார்ந்தால் அவர் விரல்தான் ஞாபகம் வரும்.

அதனால் செக் ரயிலை அதன் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக் ரயிலிலிருந்து (வெளிப்பக்க முழுத் தண்டவாளம்) அளக்காதீர்கள். எதிரே இருக்கும் மூக்கிலிருந்து அளந்து வையுங்கள். நேர்ப் பாதையில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் வளைவுப் பாயின்ட்டில் ஒன்றாக இருக்காது. 60 செ.மீ. ஆரத்துக்கும் குறைவான வளைவில் எஞ்சின் நெளிந்து போக, பாதையைக் கொஞ்சம் அகட்ட வேண்டிவரும்; 16.5 என்பது 16.7 ஆகும். அங்கே ஸ்டாக் ரயிலிலிருந்து 1.2 விட்டுச் செக் ரயிலை வைத்தால் மூக்குக்கு 15.5 ஆகிவிடும், எதிரே விங் ரயிலுக்கு 14.3 ஆகிவிடும், சக்கரம் இறுகும். மூக்கிலிருந்து 15.3 என்று வைத்தால் அகட்டினாலும் கவலையில்லை, செக் ரயிலுக்குப் பின்னால் இடைவெளி 1.4 ஆகும், அது யாரையும் கடிக்காது. வளைவுப் பாயின்ட் கஷ்டம் என்று சொல்கிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

இடைவெளித் தகட்டுக்கு எங்கேயும் ஆர்டர் போட வேண்டாம். பாத்திரப் பட்டறையில் 18 கேஜ் எவர்சில்வர் தகட்டில் வெட்டுத் துண்டு கேளுங்கள். அது 1.2 மி.மீ. கனத்தை ஒட்டி இருக்கும். வெர்னியரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தகட்டைவிட இது நல்லது, ஏனென்றால் ரோசின் பூசிப் பற்றவைக்கும்போது எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. பற்றவைத்துவிட்டு உருவிக்கொள்ளலாம். மூக்கிலிருந்து செக் ரயிலுக்கு 15.3-ஐக் காட்ட, தடித்த பித்தளைப் பட்டை ஒன்றை அரத்தால் ராவி நீங்களே ஒரு கேஜ் செய்துகொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் செலவாகும், பல வருடம் உழைக்கும். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம் விற்கும் தகட்டு கேஜ் கிடைத்தால் இன்னும் நிம்மதி, பாதையையும் சக்கரத்தையும் அதிலேயே சோதிக்கலாம்.

மூக்கு செய்வதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1-க்கு 6 கிராசிங் (ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகுவது) என்றால் கோணம் ஒன்பதரை டிகிரியை ஒட்டி வரும். இரண்டு தண்டவாளத் துண்டுகளையும் அதில் பாதிப் பாதியாக ராவிச் சேர்ப்பது என் வழக்கம். மரத்துண்டில் அந்தச் சாய்வுக்கு ஒரு காடி வெட்டி, தண்டவாளத்தை அதில் படுக்கவைத்து, மரத்தோடு மட்டமாகும் வரை ராவினால் இரண்டும் ஒன்றுபோல வரும். பற்றவைத்த பிறகு நுனியைக் கத்தி முனையாக விட்டுவிடாதீர்கள். அரை மில்லிமீட்டர் மழுக்கி, தலையையும் நூலிழை அளவுக்குத் தாழ்த்துங்கள். நிஜ மூக்கும் விங் ரயிலைவிட நுனியில் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும்; சக்கரம் விங் ரயில் மேல் வந்து, மூக்கு தடித்த பிறகுதான் அதன் மேல் எடையைப் போடும்.

டங் ரயிலுக்கு, அதாவது பாயின்ட்டில் நகர்ந்து வழியை மாற்றும் கூர்ந்த தண்டவாளத்துக்கு, நகைப் பட்டறை ஆசாரிகள் வைத்திருக்கும் ஊசி அரம் வேண்டும். திருநெல்வேலி டவுனில் நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஸ்டாக் ரயிலை ஒட்டி உட்காரும் பக்கத்தில் அடிப்பாகத்தை முழுக்க எடுத்துவிட்டு, தலையைச் சாய்வாக ராவ வேண்டும். கண்ணால் பார்த்து முடிந்துவிட்டது என்று தோன்றும், அப்போது முடிந்திருக்காது. டங் ரயிலை ஒட்டிவைத்து, விரல் நகத்தை ஸ்டாக் ரயிலின் உள்முகத்தில் வைத்து டங் ரயிலின் மேல் இழுத்துப் பாருங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கேதான் சக்கரமும் தட்டும். நகம் வழுக்கிக்கொண்டு போகும்வரை ராவுங்கள். சிலர் ஸ்டாக் ரயிலிலேயே ஒரு பள்ளம் ராவி டங் நுனியை அதில் மறைக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை, பாதை அகலம் அந்த இடத்தில் கூடிவிடும் என்று பயம். ஆனால் அப்படிச் செய்து நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன்.

பிசிபி ஸ்லீப்பரா (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை), மரத்தில் ஆணி அடிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். சிக்கலான பாதைக்கு பிசிபிதான். பாதை அகலத்தைப் பிடித்து வைப்பது ஸ்லீப்பர், ஜல்லி அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஜல்லி அடித்துக்கொண்டு போன பிறகு, தண்டவாளம் ஸ்லீப்பரோடு ஏணி மாதிரி அந்தரத்தில் தொங்கிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஏணியைத்தான் முதலில் கட்ட வேண்டும். கிராசிங், செக் ரயில், டங் நுனி, தண்டவாளம் முடியும் இடங்கள் எல்லாம் பிசிபி. நடுவில் நாலைந்துக்கு ஒன்று பிசிபி, மற்றவை மரம். உங்கள் ஊரில் மரத்தில் செப்பு விளையாட்டுச் சாமான் கடைகிற பட்டறைகள் இருக்கின்றன. கழிவு மரம் கேட்டால் சீவித் தருவார்கள். அகலப்பாதையின் மர ஸ்லீப்பர் 2750 மி.மீ. நீளம், 250 அகலம். 87-ஆல் வகுத்தால் 31.6-க்கு 2.9 மி.மீ. மீட்டர் பாதைக்கு 1800-க்கு 200, அதாவது 20.7-க்கு 2.3. பற்றவைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பிசிபி துண்டிலும் செம்பை அரத்தால் கீறிப் பிரித்துவிட்டு மல்டிமீட்டரில் சத்தம் வராமல் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்த பிறகு ஷார்ட் தேடுவது பெரும்பாடு. பிசிபியை வெட்டும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நகை ஆசாரிகள் போடும் வெங்காரம் இங்கே உதவாது. அது வெள்ளிப்பற்று உருகுகிற சூட்டுக்கானது. 63-க்கு 37 ஈயக் கம்பி 183 டிகிரியில் உருகிவிடும், அதற்கு ரோசின் போதும்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435 வரும், அது நம் அகலப்பாதை இல்லை. 1676-க்குச் சரியாக வேண்டுமென்றால் 19.26 மி.மீ. வேண்டும். கையால் கட்டுகிறவருக்கு அதுவும் முடியும். ஆனால் ஒவ்வொரு எஞ்சினின் அச்சையும் மாற்ற வேண்டும். நான் 19.26-ல் கட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி அறிவுரை சொல்ல மாட்டேன். அகலப்பாதையை 16.5-லும் மீட்டர் பாதையை 12-லும் போடுங்கள். மீட்டர் பாதை கணக்குப்படி 11.5 வர வேண்டும், 12 கண்ணுக்கு உறுத்தாது. தண்டவாள உயரத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். 52 கிலோ தண்டவாளம் 156 மி.மீ. உயரம், 87-ல் 1.79, கோட் 70 (அங்குலத்தில் ஆயிரத்தில் 70 பங்கு உயரம்) கிட்டத்தட்ட அதே. மீட்டர் பாதைக்குக் கோட் 55. நாகர்கோவில் அகலப்பாதை 1981-ல் திறந்து, தென்காசிப் பாதை 2012-ல் அகலமாகி முடியும்வரை நம் ஜங்ஷனின் முகத்தைக் காட்டியது இந்த உயர வித்தியாசம்தான்; பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பார்க்கிறவருக்குச் சொல்லாமலே தெரியும். பாயின்ட் நீளத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நிஜ 1-க்கு 12 பாயின்ட் 40 மீட்டர் நீளம், ஹெச்ஓவில் 46 செ.மீ. உங்கள் எட்டடியில் ஐந்து பாயின்ட் வைத்தால் பலகை முடிந்துபோகும். அதனால் 1-க்கு 6 தான்.

இனி டபுள் ஸ்லிப். அதில் இருப்பது இரண்டு கூர்ங்கோணக் கிராசிங், இரண்டு விரிகோணக் கிராசிங், எட்டு டங் ரயில். டெம்ப்ளாட் மென்பொருளில் வரைந்து, ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுத்து, கண்ணாடி மேல் ஒட்டி அதன் மேலேயே கட்டுங்கள். முதலில் டைமண்டை (இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டும் பகுதி) மட்டும் முழுதாகக் கட்டி, பெட்டியைக் கையால் தள்ளி நாலு பக்கமும் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்லிப் வளைவைத் தொட வேண்டும். விரிகோணக் கிராசிங்கில் இரண்டு மூக்குகளும் ஏறக்குறைய எதிரெதிரே வந்துவிடுவதால், ஒரு சின்னத் தூரத்துக்குச் சக்கரத்தை எந்தச் செக் ரயிலும் பிடிப்பதில்லை. கோணம் எவ்வளவு தட்டையோ அந்தத் தூரம் அவ்வளவு நீளம். 1-க்கு 6-ல் ஓடும். 1-க்கு 8-க்கு மேல் தட்டையாகப் போகாதீர்கள். அந்த இடத்தில் தண்டவாளம் மடங்கும் முழங்கையை வளைத்து உருட்டி விடாமல், அடியில் அரத்தால் கீறிக் கூர்மையாக மடியுங்கள். முழங்கை உருண்டால் பாதுகாப்பில்லாத தூரம் இன்னும் கூடும்.

மின்சாரத்தில் எல்லோரும் ஒருமுறை ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. இடது முனைக் கூர்ங்கோணக் கிராசிங்குக்கு எந்தப் பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் வேண்டும் என்பதை முடிவுசெய்வது இடது முனை டங் ரயில்கள் அல்ல, வலது முனையில் இருப்பவை. வலதுபக்கத்திலிருந்து வரும் வண்டி இடதுபக்கம் எந்த வழியில் வெளியேறும் என்பதை வலது டங் ரயில்கள்தானே தீர்மானிக்கின்றன? அதனால் ஒரு முனை மோட்டாரின் சுவிட்ச், மறு முனைக் கிராசிங்குக்குப் போக வேண்டும். காகிதத்தில் நாலு வழியையும் நாலு நிறத்தில் வரைந்து பார்த்தால் சந்தேகம் போய்விடும்.

பலகை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் யார்டை ஒரு ஐப்பசி மழையில் கட்டினேன். பிளைவுட்டின் அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. தண்டவாளங்களை முட்டுக்கு முட்டு நெருக்கி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் பலகை காய்ந்து சுருங்க, தண்டவாளம் சூட்டில் நீள, ஒரு மத்தியானம் படீரென்று சத்தம். போய்ப் பார்த்தால் கிராசிங் பக்கத்தில் ஏழு ஸ்லீப்பரில் செம்பு உரிந்து தண்டவாளம் வில்லாக நிமிர்ந்திருந்தது. மாடி அறை என்றால் உங்களுக்கு இது இன்னும் மோசம். பலகையின் இரண்டு பக்கமும் விளிம்பும் அடைத்துவிடுங்கள், மீட்டருக்கு ஒரு இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பாயின்ட்டையோ ஸ்லிப்பையோ பலகையோடு முழுக்க ஒட்டாமல் நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டுவது என் வழக்கம். இதற்குக் கணக்கு எதுவும் காட்ட முடியாது. அப்படி ஒட்டத் தொடங்கிய பிறகு எதுவும் உரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போதைக்குக் கட்டி வைத்திருக்கும் மூன்று பாயின்ட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் பெட்டிகளின் சக்கரங்களை வெர்னியரில் அளந்து, 14.4-ஐ விட்டு விலகியவற்றை அச்சில் நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பாயின்ட்டின் இரண்டு செக் ரயில்களை மட்டும் சூடாக்கிக் கழற்றி, மூக்கிலிருந்து 15.3 வரும்படி மறுபடி பற்றவையுங்கள். பத்து நிமிட வேலை. பெட்டி இறங்குவது நின்றுவிடும். விங் ரயில் பக்கம் இன்னும் 1.6 இடைவெளியே இருப்பதால், குறுகிய சக்கரங்கள் மட்டும் அந்தப் பள்ளத்தில் லேசாக இறங்கி ஏறும், டொக் என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்கு விங் ரயிலையும் பிரித்து 1.2-க்குக் கொண்டுவர வேண்டும். மற்ற இரண்டு பாயின்ட்டில் அதையும் சேர்த்துச் செய்யுங்கள். முதல் பாயின்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றையும் ஒரே பெட்டியை வைத்து ஓட்டிக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் டைமண்டுக்கு அச்செடுக்கலாம்.